யப்பான் ராசாவும் எங்கள் தாலிக்கொடியும்

எல்லாக் குடும்பங்களிலும் திகதிக்கென்று ஒருவர் இருப்பார். எந்த வருடம் யார் பிறந்தது, யாருடைய கலியாணத்தில் மழை பெய்தது, முதல் கார் வாங்கியது திங்களா செவ்வாயா என்று கேட்டால், மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அவர் மட்டும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து சொல்லிவிடுவார். எல்லோரும் தன்னை மதிக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் பொறுத்துக்கொள்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த மனிதர் நான். 2008 ஆவணி மாதம்வரை நான். அதன்பிறகு அந்தப் பதவி காலியாகவே கிடக்கிறது.

பதவி பறிபோனதற்குக் காரணம் ஒரு யப்பான் வான்.

அதை நான் வாங்கியது 2007இல். 1988இல் யப்பானில் பிறந்து, அங்கேயே யாரோ ஒரு கைகாரர் முகாம் வண்டியாக மாற்றிவிட, கப்பலேறி மெல்பேண் துறைமுகத்தில் இறங்கிய வான். பின் ஆசனத்தை மடித்து விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம். ஒரு முகத்தை மட்டும் கழுவக்கூடிய அளவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு காஸ் அடுப்பு. கொக்கியைக் கழற்றித் தள்ளினால் கூரை ஒரு பக்கமாக வாயைத் திறந்துகொண்டு எழும்பும். உள்ளே ஏறி இன்னொருவர் படுக்கலாம். (எழும்பிப் படுத்தவர் மறுநாள் இறங்குவது எப்படி என்று யாரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.) வாசலோரம் செருப்பு வைக்க ஒரு துணிப்பை. கண்ணாடியில் தொங்கும் சிவப்புத் துணிப்பொட்டலம், ஏதோ கோயிலில் கொடுத்தது. அதை நான் கழற்றவில்லை. பக்கத்தில் எங்கள் பிள்ளையாரையும் ஒட்டினேன்.

கையேடு முழுவதும் யப்பானிய மொழி. பொத்தான்களின் மேலும் அதே எழுத்து. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பொத்தானை அமத்திப் பார்த்து, என்ன நடக்கிறது என்று வானைச் சுற்றி ஓடுவேன். ஒன்றை அமத்தினால் பின்கண்ணாடி சூடாகும். ஒன்றை அமத்தினால் குளிர்பெட்டி உறுமும். ஒன்றை அமத்தினால் எதுவுமே நடக்காது. அந்தப் பொத்தான்தான் எனக்கு நித்திரை இல்லாமல் செய்தது. பின்னுக்கு எடுக்கும்போது ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் மிகவும் பணிவாக ஏதோ சொல்லும்.

“ஆரப்பா உந்தப் பொம்பிளை?” என்றாள் என் மனைவி சாந்தினி, முதல்நாள்.

“பின்னாலை பாத்து எடுக்கச் சொல்லுறாள்.”

“நானும் இருவது வருசமா அதைத்தானே சொல்லுறன். அவள் சொன்னா மட்டும் கேக்கிறியள்.”

பழைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு வெறி பிடித்தது. அலுமாரி இடுக்கில் கிடந்த தூண்டில் முள்ளைக் கொண்டு அவர் மீன் பிடிப்பவர் என்றும், ஓட்டுநர் ஆசனம் முன்னே தள்ளியிருந்ததைக் கொண்டு கட்டையானவர் என்றும் முடிவு செய்தேன். ஆனால் வானில் எனக்கு மிகவும் பிடித்தவை ஸ்டிக்கர்கள். எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருந்தது. ஆசனத்தைத் தூக்கினால் மூடியின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர்: பல்லுள்ள இரண்டு சில்லுகளையும் அவற்றைச் சுற்றிய ஒரு பட்டியையும் படமாகப் போட்டு, கீழே பேனையால் 9.4.6 என்று எழுதியிருந்தது. கிலோமீட்டர் எழுதிய இடத்தில் எண்ணெய்க் கறை.

படம் விளங்க மொழி தேவையில்லை. எஞ்சினுக்குள் ஓடும் ரப்பர் பெல்ட் அது. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டு ஓடும்போது அறுந்தால் எஞ்சினின் கதை முடிந்தது. மாற்றிய நாள் 2006 ஏப்ரல் 9. நான் உடனே மனக்கணக்குப் போட்டேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“பாத்தியே சாந்தினி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்திருக்கிறாங்கள். அதுதான் அந்த நாடு அப்பிடி முன்னேறியிருக்கு.”

கதவோரத்தில் இன்னொரு ஸ்டிக்கரில் 63.10 என்று இருந்தது. 1963இல் எனக்கு எட்டு வயது; வான் பிறக்க இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கிறது. ஆகவே அது திகதியாக இருக்கமுடியாது, ஏதோ ஒரு பாகத்தின் இலக்கம் என்று தீர்த்துவிட்டேன். என் தர்க்கத்தில் ஓட்டை ஏதும் தெரியவில்லை. இப்போது அதை வாசிக்கும்போது ஓட்டையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

டண்டினொங்கில் நான் வானைக் காட்டும் கராஜ்காரர், “பழைய வண்டி, பெல்ட்டை மாற்றிவிடுவோமா?” என்று கேட்டார். நான் ஆசனத்தைத் தூக்கி ஸ்டிக்கரைக் காட்டி, இரண்டு வருடத்துக்கு முன்தான் மாற்றியது என்று விளக்கினேன். அன்று என்ன கிழமை என்பதையும் சொன்னேன். “நீங்கள் சொன்னால் சரி” என்று அவர் மூடியை மூடினார்.

இனி அக்காவிடம் வருகிறேன்.

பவளம் அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவர். மெல்பேணில் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கிறார். அவருடைய ஒரே மகன் கஜனுக்கு சிட்னியில், பென்டில் ஹில்லில் இருக்கும் ஒரு குடும்பத்துப் பெண் மதுராவை நிச்சயித்திருந்தார்கள். கலியாணம் சிட்னியில், ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழ் எழுதியது நான். பெண்வீட்டார் ஆங்கிலத் திகதி மட்டும் போதும் என்றார்கள். நான் விடவில்லை. நிகழும் சர்வதாரி வருடம் என்று தொடங்கி, ஆவணித் திங்கள், திதி, நட்சத்திரம் எல்லாம் போட்டு, ஆங்கிலத் திகதியைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டேன். (சிட்னியில் பாதிப் பேர் பூதக்கண்ணாடி தேடினார்களாம்.)

எங்கள் வழக்கத்தில் தாலியும் கூறைச்சேலையும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகவேண்டும். நல்லநாள் பார்த்துப் பொன்னுருக்கி, தாலி செய்வித்து, கொடியில் கோத்து, த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசையும் செய்தாயிற்று. எல்லோருக்கும் விமானச் சீட்டு எடுத்தாயிற்று. புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது அக்காவுக்கு விமான நிலையத்தின் ஞாபகம் வந்தது.

“பெல்ட்டைக் கழட்டு, சப்பாத்தைக் கழட்டு எண்டு சொல்லுற இடமல்லே அது? சப்பாத்து வைக்கிற தட்டிலை தாலியை வைச்சு மிசினுக்குள்ளை விடுறதோ?”

“கையிலை வைச்சிருக்கலாம் அக்கா.”

“கையிலை வைச்சிருந்தாத் திறந்து காட்டச் சொல்லுவான். அவன் என்னத்தைத் திண்டிட்டு வந்தவனோ, அந்தக் கையாலை தொடுவான். நான் விடமாட்டன்.”

அத்தான் கூரையைப் பார்த்தார். கஜன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்து, “என்ரை வான் இருக்கு” என்றேன். சாந்தினி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது.

அக்கா ஒத்துக்கொண்டார். ஆனால் தாலிப்பெட்டி நிலத்தில் படக்கூடாது. அந்நியர் கை படக்கூடாது. வானுக்குள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் மணக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் வானைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். மற்றவர்கள் சனிக்கிழமை பறப்பதென்றும், நாங்கள் மூவரும் வெள்ளி காலை புறப்பட்டு, வழியில் ஓரிரவு தங்கி, சனி பொழுதுபடமுன் பென்டில் ஹில்லில் பெண்வீட்டு விருந்துக்குப் போய்ச் சேருவதென்றும் ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் போனது. அக்கா பின் ஆசனத்தில், மடியில் வெள்ளிப்பெட்டி. பக்கத்தில் கூறை. காலடியில் பயத்தம் உருண்டை வாளிகள். நான் ஒவ்வொரு ஊரைக் கடக்கும்போதும் அதன் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அல்பரிக்குப் பக்கத்தில் ஒரு முகாம் பூங்காவில் தங்கினோம். பெண்கள் கீழே, நான் கூரைக்குள். அடுத்தநாள் காலை கண்ணாடியெல்லாம் உறைபனி. அக்கா பெட்டியைக் கம்பளிக்குள் அணைத்தபடி, “தம்பி, உன்ரை வான் பரவாயில்லையடா” என்றார். என் வாழ்க்கையில் அக்கா என்னைப் புகழ்ந்த நாட்கள் குறைவு என்பதால் அந்த இடத்தை இப்போதும் காட்டுவேன்.

கண்டகாய் என்ற ஊரைத் தாண்டி ஹியூம் நெடுஞ்சாலை ஒரு மேட்டில் ஏறும். பாதி மேட்டில், ஆசனத்துக்குக் கீழே டக் என்று ஒரு சின்னச் சத்தம். யாரோ விரல் சொடுக்கியதுபோல. அவ்வளவுதான். பிறகு நல்ல அமைதி. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வானை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தினேன்.

“ஏனடா நிப்பாட்டினனீ? ஒண்டுக்கோ?” என்றார் அக்கா.

“இல்லையக்கா. தானா நிண்டிட்டுது.”

திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் வழக்கத்துக்கு மாறாக மிக இலேசாகச் சுற்றியது, உள்ளே ஒன்றும் இல்லாததுபோல. இன்னும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். (அதைச் செய்யக்கூடாதாம். பிறகுதான் தெரிந்தது.) எண்ணெய் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன். கைகள் கறுத்தன. எந்தப் பலனும் தராத அந்தப் பொத்தானைக்கூட ஒருமுறை அமத்திப் பார்த்தேன்.

இழுவை வண்டிக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வர நேரமாகும், தன் பக்கத்தில் ஒரு ஆளைத்தான் ஏற்றமுடியும் என்றார்.

“சம்மந்தியாருக்கு எடுத்துச் சொல்லுங்கோவன். ஆராவது காரிலை வந்து ஏத்துவினம்” என்றாள் சாந்தினி.

அக்கா ஆசனத்தில் நிமிர்ந்தார். “என்ன? தாலி நடுறோட்டிலை நிண்டிட்டுது, வந்து ஏத்துங்கோ எண்டு பொம்பிளை வீட்டுக்குச் சொல்லுறதோ? சாந்தினி, விசர்க்கதை கதையாதை. அந்த மனிசி இதை என்ரை பேரப்பிள்ளையின்ரை கலியாணம்வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். சகுனம் எண்டு வேறை சொல்லும். ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது.”

யோசித்துப் பார்த்தபோது எங்கள் நிலைமை விளங்கியது. சிட்னியில் எங்களுக்குக் கார் வைத்திருக்கும் ஆட்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் பெண்வீட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஆகாயத்தில். நாளைக் காலை தாலி கட்டவேண்டும். தாலி என் அக்காவின் மடியில், கண்டகாய் மேட்டில், ஆட்டுப் பட்டிகளுக்கு நடுவில்.

அப்போது ஒரு பழைய வெள்ளை வான் எங்களைக் கடந்து, தயங்கி, ஓரத்தில் நின்றது. அதன் கூரையில் அலைச்சறுக்குப் பலகை. இறங்கியவர்கள் இருபத்தைந்து வயது மதிக்கக்கூடிய யப்பானிய இளைஞனும் பெண்ணும். எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் வானைப் பார்த்து, ஊரில் தொலைந்த மாமாவை வெளிநாட்டில் கண்டவர்கள்போலக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அவன் பெயர் கென், அவள் பெயர் யூகோ. இருவரும் விக்டோரியாவில் பழம் பறித்துவிட்டு, அவுஸ்திரேலியாவிலேயே செய்த ஒரு பழைய வானில் சிட்னிக்குப் போகிறார்கள். நாங்கள் அவர்கள் நாட்டு வானில், அவர்கள் எங்கள் நாட்டு வானில். கெனின் அப்பா இதே மாதிரி ஒரு வான் வைத்திருந்தாராம். அவன் உரிமையோடு ஆசனத்தைத் தூக்கினான். திறப்பைத் திருப்பச் சொன்னான். சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“பெல்ட்” என்றான்.

“இருக்க முடியாது” என்றேன் நான். ஸ்டிக்கரைக் காட்டினேன். “இரண்டு வருடத்துக்கு முன்தான் மாற்றியது. 2006 ஏப்ரல் 9. ஞாயிற்றுக்கிழமை.”

கென் ஸ்டிக்கரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு யூகோவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். அவள் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குப் பட்டது. யப்பானியர் மரியாதையானவர்கள் என்று வாசித்திருந்தபடியால் வேறு காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

“அங்கிள்,” என்றாள் அவள் மெதுவாக, “இது எங்கள் சக்கரவர்த்தியின் வருடம். அவர் 1989இல் அரியணை ஏறியதிலிருந்து எண்ணுவோம். முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள்.” விரல்களை மடித்தாள். “ஹெய்செய் ஒன்பதாம் வருடம், நான்காம் மாதம், ஆறாம் நாள். அப்படியென்றால் 1997.”

நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி போனது. எங்கள் வான் ஆடியது. நானும் ஆடினேன்.

“என்னவாம்?” என்றார் அக்கா உள்ளேயிருந்து.

“அது ராசாக்கணக்காம் மச்சாள்,” என்றாள் சாந்தினி. “பெல்ட் மாத்திப் பதினொரு வருசமாம்.”

“எந்த ராசா?”

“யப்பான் ராசா.”

“யப்பான் ராசாவுக்கும் என்ரை பிள்ளையின்ரை தாலிக்கும் என்னடா சம்மந்தம்?”

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் என் புத்தி வேறெங்கோ போய்விட்டது. “அப்படியானால் 63.10?” என்று யூகோவிடம் கேட்டேன். அவள் கதவோரம் வந்து பார்த்து, அது முந்திய சக்கரவர்த்தியின் அறுபத்துமூன்றாம் வருடம், 1988 ஒக்டோபர், வான் பிறந்த மாதம் என்றாள். எனக்குப் புல்லரித்தது. பாகத்தின் இலக்கம் என்று நான் ஒதுக்கிய எண் என் வானின் பிறப்புச் சான்று! நான் உற்சாகத்தில் கலியாண அழைப்பிதழை எடுத்துக் காட்டி, எங்களுக்கும் ஆங்கிலக் கணக்கு அல்லாத வருடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, இது சர்வதாரி என்றேன்.

“எத்தனையாவது சர்வதாரி?” என்றாள் யூகோ.

“எண் கிடையாது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்.”

“எங்களுக்கும் அறுபது வருடச் சுற்று ஒன்று உண்டு!” என்று துள்ளினாள். பிறகு அழைப்பிதழை மறுபடி பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். “ஆனால் அங்கிள், அறுபது வருடம் கழித்து இந்த அட்டையை ஒருவர் எடுத்துப் பார்த்தால், எந்தக் கலியாணம் என்று எப்படித் தெரியும்?”

“கீழை சின்ன எழுத்திலை இருக்குப் பிள்ளை” என்றாள் சாந்தினி தமிழிலேயே, சிரிப்பை அடக்கமுடியாமல்.

“டேய்!” என்று வானுக்குள்ளிருந்து ஒரு சத்தம். “நான் இஞ்சை தாலியை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறன். நீ றோட்டிலை நிண்டு பஞ்சாங்கம் வாசிக்கிறியோ?”

சாந்தினிதான் காரியத்தை எடுத்தாள். யூகோவிடம் நாளைக்குக் கலியாணம் என்றும், அந்தப் பெட்டியில் இருப்பது மாப்பிள்ளை கட்டப்போகும் தாலி என்றும் சொன்னாள். யூகோ முழுவதையும் கெனுக்குச் சொல்ல, கென் தங்கள் வானுக்கு ஓடிப் பின்பக்கத்துச் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினான். அக்காவும் சாந்தினியும் அவர்களோடு சிட்னிக்கு. நான் வானோடு இழுவை வண்டியில்.

அக்கா இறங்கி அந்த வானின் கதவடிக்குப் போனார். மூக்கைச் சுளித்தார்.

“இதென்ன மணம்? கணவாய்க் கருவாடு!”

உண்மைதான். பிரயாணத்துக்குக் கொறிக்கவென்று ஒரு பை நிறையக் காய்ந்த கணவாய் வைத்திருந்தார்கள். யூகோ உபசாரமாக ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டவும் செய்தாள். கலியாணத்துக்காக ஒரு மாதமாக மச்சம் தொடாத என் அக்கா, ஒரு காலத்தில் அந்தக் கருவாட்டை நெருப்பில் வாட்டி எனக்குத் தராமல் ஒளித்துத் தின்ற அதே அக்கா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி மறுபக்கம் திரும்பினார். கண் மட்டும் ஒருகணம் பையில் நின்றதை நான் பார்த்தேன்.

அடுத்த சிக்கல் படி. அந்த வான் உயரம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஏறமுடியும். பெட்டியை யார் பிடிப்பது? என் கைகள் எண்ணெயில் கறுத்திருந்தன. சாந்தினியின் கையில் கூறையும் வாளிகளும். நிலத்தில் வைக்கமுடியாது. அக்கா நின்றார். லொறிகள் போயின.

யூகோ முன்னால் வந்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைகளைக் கழுவினாள். சட்டையில் துடைக்காமல் காற்றில் உதறிக் காயவிட்டாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அக்கா அவளைப் பார்த்தார். பெட்டியை அந்தக் கைகளில் வைத்தார். யூகோ அதை நெற்றிவரை உயர்த்தி, அப்படியே அசையாமல் நின்றாள், அக்கா ஏறி உட்காரும்வரை.

“பாத்தியேடா?” என்றார் அக்கா மேலேயிருந்து. “எங்கடை பிள்ளையள் விபூதியை ஒருகையாலை வாங்குங்கள். இந்தப் பிள்ளையைப் பார்.”

வான் போனது. போன பிறகுதான் என் வேட்டி இருந்த பை அதற்குள் போய்விட்டது என்று தெரிந்தது.

இழுவை வண்டி என்னையும் என் வானையும் ஊருக்குள் ஒரு கராஜ் முற்றத்தில் இறக்கியது. எஞ்சினுக்குள் வால்வுகள் எல்லாம் வளைந்துவிட்டன என்றார்கள். மறுநாள் கோச் பஸ் பிடித்துச் சிட்னிக்குப் போகும் வழியில் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். 1997 ஏப்ரல் 6 என்ன கிழமை? ஞாயிறு. ஆக, யப்பானில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள் என்ற என் முடிவில் பிழையில்லை. அந்த ஆறுதலோடு ரயில் மாறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, முதல் பந்தி எழும்பிக்கொண்டிருந்தது.

வாசலில் என் பட்டு வேட்டி என்னை நோக்கி நடந்து வந்தது. அதற்குள் கென் இருந்தான். நெற்றியில் சந்தனம். என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினான், வேட்டி அவிழப் பார்த்தது, பிடித்துக்கொண்டான்.

எங்கள் வீட்டு வழக்கப்படி தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தேங்காய் உடைக்கவேண்டும். தாய்மாமன் நான், அந்நேரம் நான் கோச்சில். யார் உடைப்பது என்று ஐயர் கேட்க, அத்தானின் தம்பிமார் இரண்டு பேர் முன்வர, அக்கா எல்லோரையும் ஒதுக்கிவிட்டு, “தாலியைக் கொண்டந்து சேத்தவன் உடைக்கட்டும்” என்று கெனைக் கூப்பிட்டாராம்.

“ஒரே அடி,” என்றார் அக்கா என்னிடம், வரவேற்பு வார்த்தை எதுவும் இல்லாமல். “சரிபாதி. நீ எண்டா மூண்டுதரம் போட்டிருப்பாய்.”

நான் பசியில் இருந்தேன். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு பயத்தம் உருண்டைகூட இல்லை. வாளிகள் எல்லாம் சிட்னிக்குப் போய்விட்டன. இலையில் உட்கார்ந்தேன். வடை, பாயசம், கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மதுராவின் அம்மா ஓடிவந்தார்.

“அண்ணை, இப்ப எப்பிடி? வயிறு சுகமே?”

நான் விழித்தேன். எதிரே நின்ற அக்கா கண்ணால் ஒரு கட்டளையிட்டார். வான் நின்ற கதை வெளியே வராமல் இருக்க, வழியில் எனக்கு வயிற்றோட்டம் கண்டு ஒரு ஊரில் தங்கிவிட்டேன் என்றும், கென் என்னோடு வேலை செய்யும் சிநேகிதன் என்றும் அக்கா சொல்லிவைத்திருந்தார்.

“ஓம்… இப்ப பரவாயில்லை” என்றேன்.

“உங்களுக்கெண்டு தனிய ரசமும் மோரும் எடுத்து வைச்சிருக்கிறன். வடையை எடு தம்பி, அண்ணைக்கு ஒத்துக்கொள்ளாது!”

அப்படியாக என் ஒரே மருமகனின் கலியாணத்தில் நான் ரசமும் சோறும் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் என் வேட்டி ஆறாவது வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுற்றிவர எல்லோரும் என் வயிற்றைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். மெல்பேணில் எனக்குத் தெரிந்த ஒரு பல்வைத்தியர் சில கேள்விகளை உரத்தே கேட்டார்.

அக்காவின் ரகசியம் அன்று மாலைவரைகூடத் தாங்கவில்லை. யூகோ மணப்பெண்ணிடம் முழுவதையும் சொல்லிவிட்டாள். மதுரா கெட்டிக்காரி, தன் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. அதற்குப் பதிலாக என்னிடம் வந்தாள். சிட்னியில் பிறந்த பிள்ளை, பாதி ஆங்கிலம். நான் யாருக்கோ, “இண்டைக்கு ஞாயிறு, நாளைக்குச் சோமவாரம்” என்று சொல்லிக்கொண்டிருக்க, மாலையோடு குனிந்து என் காதுக்குள் கேட்டாள்:

“விச் கிங், மாமா?”

அன்று தொடங்கியது. அதன்பிறகு எங்கள் வீட்டில் நான் எந்தத் திகதியைச் சொன்னாலும், அது பிறந்தநாளானாலும் குப்பை எடுக்கும் நாளானாலும், யாராவது ஒருவர் எந்த ராசா என்று கேட்காமல் விடுவதில்லை. சாந்தினி அதைக் கேட்பதற்கு வாயைக்கூடத் திறக்கமாட்டாள். தலையில் கிரீடம் இருப்பதுபோலக் கையை வைத்துக் காட்டுவாள்.

வானுக்கு வேறு எஞ்சின் போட்டோம். புது பெல்ட்டுக்கு நானே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, திகதியை ஆங்கிலக் கணக்கிலும், யப்பான் கணக்கிலும், சர்வதாரியிலும் எழுதியிருக்கிறேன். அந்தப் பொத்தான் எதற்கென்று கெனுக்கும் தெரியவில்லை.

2009 நடுப்பகுதியில் அக்காவுக்கு யப்பானிலிருந்து ஒரு தபாலுறை வந்தது. கெனும் யூகோவும் ஊர் திரும்பிக் கலியாணம் முடித்து, ஒரு பெண்குழந்தை. படத்தில் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி நெற்றிக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தாள் யூகோ. படத்தின் பின்னால் 21.5.9 என்று எழுதி, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: அங்கிளிடம் கேளுங்கள்.

அக்கா, பிறந்து முப்பத்தொன்றாம் நாளுக்குக் கணக்காகக் குழந்தைக்குக் காப்பு அனுப்பவேண்டும் என்று நின்றார். தொலைபேசியில் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார். நான் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தேன். இருபத்தொன்று ராசாவின் வருடம். ஐந்து மாதம். ஒன்பது நாள்.

“மே ஒன்பது, அக்கா. சனிக்கிழமை.”

மறுமுனையில் அக்கா, “இருவத்தொண்டு, அஞ்சு, ஒன்பது” என்று இன்னொருதரம் வாசித்தார்.

“அப்ப மே இருவத்தொண்டாத்தான் இருக்கும்,” என்றார் அக்கா. “போனைச் சாந்தினியிட்டைக் குடு.”